உங்க கிட்டார் வேணும்

சிவப்பு விளக்கு எரிகிறது. எரியட்டும். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பைப் போட்டுவிட்டால் போதும், வெளியே உட்கார்ந்திருப்பவன் தும்மக்கூடாது, செருமக்கூடாது, காபியை உறிஞ்சிக் குடிக்கக்கூடாது. கிட்டார் பெட்டி உள்ளே போய்விட்டது, நான் வெளியே இருக்கிறேன். நான் வெளியே இருக்கிறேன், பெட்டி உள்ளே போய்விட்டது. முக்கால் மணி நேரமாக இதையே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன், எந்த வரிசையில் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான். சாலிகிராமத்தில் யாரோ குடியிருந்த மாடி வீட்டை ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறான் நிரஞ்சன். நான் உட்கார்ந்திருப்பது அந்தக் குடும்பத்தின் ஹாலாக இருந்திருக்கும். சுவரில் சாமி படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி அப்படியே இருக்கிறது. ஏசி நேராகக் கழுத்தில் அடிக்கிறது. இடது கையை அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு எதற்குச் சூடு பண்ணுகிறேன் என்று தோன்றியது, எடுத்துவிட்டேன். எடுத்த கை மறுபடி தானாகவே அக்குளுக்குப் போய்விட்டது. அதற்கு இன்னும் விஷயம் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது. என் வீட்டுக்காரி மேபல்தான் எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கொடுத்தாள். "அங்கிள், நான் நிரஞ்சன். ஒரு பாட்டு பண்ணிட்டிருக்கேன், ப்ளூஸ் மாதிரி. நடுவுல பன்னெண்டு பார் கேப் விட்டிருக்கேன். அதுக்கு உங்க கிட்டார் வேணும்." இவ்வளவுதான் சொன்னான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் அவன் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. உங்க கிட்டார் வேணும். இந்தத் தொழிலில் உங்க குரல் வேணும் என்றால் தொண்டையை அறுத்து அனுப்பச் சொல்வதில்லை. உங்க வயலின் வேணும் என்றால் வயலின்காரர் தலை வாரிக்கொண்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, வந்து வாசித்துவிட்டுப் போவார். எனக்கு மட்டும் அந்த வாக்கியத்துக்கு எழுத்துக்கு எழுத்து அர்த்தம். வெறும் கிட்டார். மரம், கம்பி, ஆறு திருகு. காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தேன். கதவைத் திறந்தவன் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இதுதானே அங்கிள் அது" என்று பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, சிரித்தேன். பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், முப்பது வயதிருக்கும், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். "தர்ஷினிதான் அங்கிள் வாசிக்கிறாங்க. சூப்பரா வாசிப்பாங்க. நீங்க இப்படி உக்காருங்க, ஏசி ஓடுது, காபி சொல்றேன்." அதற்கு நான் என்ன சொன்னேன்? "மெதுவா தூக்கும்மா, ஒயர் மாட்டுற எடம் கொஞ்சம் லூசா இருக்கும்" என்று சொன்னேன். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன் சொல்கிற மாதிரி சொன்னேன்.

மேபல் பாட்டுக்குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெரம்பூர் பாதி என் கையைப் பிடித்துக் குலுக்குகிறது. தியோ, ரெக்கார்டிங்காமே. தியோடர் அண்ணன் வாசிக்கிறாராமே. நேற்று சாயந்திரம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை அரை மணி நேரம் வைக்கச் சொன்னாள், பிறகு தைலம் தேய்த்தாள், நகத்தை அவளே வெட்டினாள். நாற்பது வருஷம் வாசித்திருக்கிறேன். ஓட்டலில் வாசித்திருக்கிறேன், கிளப்பில் வாசித்திருக்கிறேன், சினிமாவுக்கு வரிசையில் நாலாவது ஆளாக உட்கார்ந்து, ஸ்டுடியோக்காரர்கள் கொடுத்த கிட்டாரில், வேறொருவர் எழுதிக் கொடுத்த நோட்டை வாசித்திருக்கிறேன். என் கிட்டாரில் என் சத்தம், அது எங்கும் பதிவாகவில்லை. ஒரு பாட்டுகூட இல்லை. தொண்ணூற்றொன்றில் ஓட்டலில் ஒரு கேசட்டில் முக்கால் மணி நேரம் பிடித்து வைத்தேன். மேபலின் தம்பி அதன்மேல் கிறிஸ்துமஸ் கீதங்களைப் பதிவு பண்ணிவிட்டான். "லேபிள் எழுதல, அதான் மச்சான்" என்றான். முதல் பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் இரண்டு விநாடி நான் இருக்கிறேன், ஒரு கம்பி அதிர்ந்து முடிகிற வால், அதற்குமேல் குழந்தைகள் கூட்டமாகப் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆகவே இந்தப் பன்னிரண்டு பார், பன்னிரண்டு தாளச் சுற்று. அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. நான் செத்தபிறகு யாராவது தவறிப்போய்க் கேட்டால் கேட்கட்டும் என்று ஒரு அரை நிமிஷம். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. சின்ன ஆசை என்றால் கிடைத்துவிடும் என்று யார் சொன்னது.

உள்ளே என்ன செய்கிறார்கள். கதவின் அடி ரப்பர் தேய்ந்துபோயிருக்கிறது, லேசாகச் சத்தம் கசிகிறது. டிங். டிங். டீங். ஏற்றுகிறாள். கம்பியை ஏற்றுகிறாள். வேண்டாம் அம்மா. ஆறாவது கம்பி அரை சுரம் ஏறுகிறது, என் பல் கூசுகிறது. ஐந்தாவது. என் கிட்டார் எப்போதும் அரை சுரம் கீழேதான் இருக்கும், அது கிடக்க வேண்டிய இடம் அது. மற்றவர்கள் போடுகிற கம்பியைவிடத் தடிமனான கம்பி போடுவேன், அதைத் தளர்த்தி வைப்பேன். தடிமனாக இருக்கிறதால் குரல் கனமாக வரும், தளர்வாக இருக்கிறதால் விரலுக்கு வளையும். தடிமனான கம்பியை இறுக்கினால் அது விரலுக்கு மசியாது. நாலாவது. மூன்றாவது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, படித்த பெண், மெஷினில் பச்சை விளக்கு வருகிற வரைக்கும் திருகத்தான் செய்வாள். எழுந்து போய்க் கதவைத் தட்டலாம். சிவப்பு விளக்கு எரிகிறதே. எரிந்தால் என்ன, பதிவு பண்ணுகிறார்களா இப்போது, ட்யூன்தானே பண்ணுகிறார்கள். போகலாம். போகவில்லை. காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

அரை சுரம் கீழே. அதைப் பற்றி யாரிடமும் நான் சொன்னதில்லை, மேபலிடம்கூட. எண்பத்தாறில் ராயபுரத்தில் கப்பலில் மூன்றாவது என்ஜினியராக இருந்த ரோச் என்பவர் கரையோடு நின்றுவிடப் போகிறேன் என்று இரண்டு கிட்டாரைக் கட்டிலில் போட்டு, எது வேண்டுமோ எடுத்துக்கோ, ஒன்றுதான் என்றார். இரண்டும் எலக்ட்ரிக். ஒன்று கெட்டி மரம், ஒல்லி, வெளிர் மஞ்சள். தட்டினால் மணி மாதிரி பளிச்சென்று வெட்டிக்கொண்டு வரும். இன்னொன்று மாதுளை நிறம், அகலம், உள்ளே வெற்றுக் கூடு, முகத்தில் இரண்டு துவாரம். அதன் சத்தம் தொண்டையிலிருந்து வந்தது, கொஞ்சம் தாமதித்து, வரலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு வருகிற மாதிரி. என்னிடம் அப்போது ஒரே ஒரு ப்ளூஸ் கேசட்தான், அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு, காப்பிக்குக் காப்பி எடுத்தது, யார் வாசிக்கிறார் என்று பெயர்கூடத் தெரியாது. ஒவ்வொரு சுரத்தையும் அதோடு சேர்ந்து வாசித்துக் கற்றேன். அந்த மனுஷன் மெதுவாக, கனமாக, இழுத்து, துக்கம் தாங்காமல் வாசித்தான். அவனோடு சேர்ந்து வாசிக்கத்தான் கம்பியை அரை சுரம் இறக்கினேன். அவன் சத்தத்துக்குக் கிட்டத்தில் வந்தது அந்த மாதுளை நிறம்தான். எடுத்துக்கொண்டேன். ரோச் கேட்டார், "நல்லா யோசிச்சியா தம்பி? அந்த ஒல்லிதான் எல்லாத்துக்கும் தோது." யோசித்துவிட்டேன் சார் என்றேன்.

தொண்ணூற்றேழில் ஒருத்தர் வீட்டில் அதே பாட்டை சிடியில் போட்டார்கள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வேகமாக இருந்தது, சுரம் மேலே இருந்தது, அந்த மனுஷன் துக்கப்படவே இல்லை, குறும்பாக, துள்ளிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வாசித்தான். சிடி உறையில் அவன் படம். கையில் ஒல்லிக் கிட்டார். என் டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு ரப்பர் பெல்ட். அது மெதுவாகச் சுற்றியது, பாட்டு மெதுவாக வந்தது, சுரம் இறங்கியது, பளிச்சென்ற சத்தம் மங்கிக் கனத்துப்போனது. நான் உட்கார்ந்து அந்த ரப்பரிடம் பாடம் படித்திருக்கிறேன். எந்த மனுஷனும் வாசிக்காத ஒன்றைக் கேட்டு, அதற்குத் தோதாகக் கிட்டார் தேர்ந்தெடுத்து, அதற்குத் தோதாகக் கம்பி மாட்டி, பதினோரு வருஷம் வாசித்து, ஊரில் நாலு பேரிடம் பெயரும் வாங்கிவிட்டேன். தியோ சத்தம். தியோ ஒரு சுரத்தைப் பிடித்தால் அது நின்று பேசும் என்பார்கள். சிடி போட்டவர் "என்ன சார், பாட்டு புடிக்கலியா?" என்று கேட்டார். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். விற்றுத் தொலைக்கலாம் என்று பெட்டியை எடுத்தேன். ஒல்லிக் கிட்டாரை ரோச் எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குள் கையும் கெட்டுப்போயிருந்தது.

கெட்டுப்போயிருந்தது என்றால், அந்தக் கிட்டார் கையைத் தன் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அதில் வேகமாக வாசித்தால் சத்தம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். ஆகவே குறைவாக வாசித்தேன். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டினால் உள்கூடு அதிர்ந்து ஊளையிடும், ஆகவே அதற்கு எதிரே எங்கே நிற்பது, எந்தப் பக்கம் ஒரு அங்குலம் திரும்பினால் அந்த ஊளை ஒரு சுரமாக மாறி நிற்கும் என்று கற்றுக்கொண்டேன். நின்றுவிடும். நான் விரலை எடுக்கிறவரைக்கும் நிற்கும். என்ன நிதானம் சார் உங்களுக்கு என்றார்கள். நிதானமாவது ஒன்றாவது, அதன் சோம்பேறித்தனத்துக்கு நான் வாங்கிய பெயர் அது. ஒல்லிக் கிட்டாரை எடுத்திருந்தால் நான் வேறு ஆளாக வாசித்திருப்பேன், துள்ளி வாசித்திருப்பேன், சினிமாக்காரர்கள் முதல் வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். உட்கார வைத்திருப்பார்களா. தெரியாது. எது என்னுடையது, எது அதனுடையது என்று பிரிக்க எனக்கே தெரியவில்லை. ஆனால் நாற்பது வருஷத்தில் வாசித்து முடித்துக் கீழே இறங்கினால் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, என்ன கிட்டார் சார் இது. எங்கே வாங்கினீர்கள். எந்த வருஷம். எப்படி வாசித்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இந்த நிரஞ்சனும்தான். பத்தொன்பது வயதில் எழும்பூர் ஓட்டலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வருவான், ஒரே ஒரு லைம் ஜூஸை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்பான், கண்ணை மூடிக்கொண்டு. முடிந்ததும் வருவான். "அங்கிள், ஒரு தடவ கிட்டார தொட்டுப் பாக்கலாமா?" தொட்டுப் பார்த்தான். இன்றைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் உண்மையைச் சொல், தியோடர். மேபல் இல்லை, பாட்டுக்குழு இல்லை, இங்கே யாரும் இல்லை. அந்தப் பெண் பெட்டியை வாங்கிக்கொண்டபோது உனக்கு முதலில் வந்தது கோபமா? இல்லை. இல்லை. அப்பாடா என்றிருந்தது. போன டிசம்பரிலிருந்து இடது கை மோதிர விரல் மடங்கினால் நிமிர மாட்டேன் என்கிறது. மடங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும், மற்றக் கையால் இழுத்தால் டொக்கென்று ஒரு சத்தத்தோடு விடும். டாக்டர் ஊசி போடலாம் என்றார். கம்பியை மேலே தள்ளி வளைக்கிறது அந்த விரல்தான், மற்ற இரண்டும் பின்னால் முட்டுக் கொடுக்கும். ஒரு வாரமாக நடுவிரலால் சமாளித்துப் பழகினேன், பத்துத் தடவைக்கு ஆறு தடவை வந்தது. நாலு தடவை வரவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, இவர்கள் வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருக்க, விரல் மாட்டிக்கொண்டு, நான் வலது கையால் அதை இழுத்துவிட்டுக்கொள்வதை நேற்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். கனவில்கூட வந்தது. ஆகவே அப்பாடா. அந்த ஒரு விநாடி அப்பாடாவுக்காகத்தான் இப்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மரியாதை போய்விட்டது என்று கொதிக்கிறேன். கொதிக்கிறது நிஜம்தான், அப்பாடாவும் நிஜம்தான். இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்து புளிக்கின்றன.

வாசிக்கிறாள். கேள். ஒரு வரி, நிறுத்துகிறாள், மறுபடி அதே வரி. விரல் சுத்தம், தாளம் சுத்தம், என்னைவிட நல்ல கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பி வளைகிற இடத்தில் முக்கால்வாசி போய் நின்றுவிடுகிறது. இறுக்கிவிட்டாளே, எப்படிப் போகும். சத்தம் அட்டைப்பெட்டியில் தட்டுகிற மாதிரி இருக்கிறது. அதற்கும் காரணம் எனக்குத் தெரியும். கதவு திறந்தபோது பார்த்தேன், உள்ளே ஆம்ப் கிடையாது. கிட்டாரிலிருந்து ஒயர் நேராக ஒரு சின்ன டப்பாவுக்குள் போய், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள் போகிறது. அவள் கண்ணாடி அறையில் காதில் ஹெட்போனோடு, ஸ்பீக்கர் நிரஞ்சன் பக்கம். அந்தக் கிட்டார் தன் சத்தத்தைத் தானே கேட்டால்தான் அந்தச் சுரம் நிற்கும். எதிரே ஒரு ஆம்ப் வேண்டும், அது கத்த வேண்டும், அந்தக் கத்தல் காற்றில் வந்து கூட்டுக்குள் புகுந்து மரத்தை ஆட்ட வேண்டும். கெட்டி மரக் கிட்டாருக்கு இது தேவையில்லை, அது டப்பாவுக்குள் போனாலும் பளிச்சென்று வரும். இது வராது. இதைக் காதை அடைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். கம்பியை அரை சுரம் இறக்கு. ஒரு ஆம்ப் கொண்டுவா. அதற்கு எதிரே நின்று இடது பக்கம் ஒரு அங்குலம் திரும்பு. மூன்று வாக்கியம். அது ஒரு மூன்று நிமிஷ வேலை. விளக்கு அணைந்தது.

இருவரும் சேர்ந்து வருகிறார்கள். கிட்டார் அவள் கையில் இருக்கிறது, கழுத்தைப் பிடித்துத் தூக்கி வருகிறாள். நிரஞ்சன் பின்னால் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருப்பது இங்கிருந்து தெரிகிறது. "அங்கிள், கம்பி எல்லாம் ட்யூன் எறங்கிப் போயிருந்துச்சு, ஏத்திட்டேன்" என்கிறாள் தர்ஷினி. பெரிய உதவி செய்துவிட்ட முகம். பிறகு என் எதிரே சோபா விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "ஆனா அங்கிள், நிரஞ்சன் ஒரு சவுண்டு சொல்லிட்டே இருக்கார். ஒரு நோட்டு அப்படியே நிக்கும், பேசுற மாதிரி இருக்கும்னு. நான் எவ்ளோ ட்ரை பண்ணியும் வரல. நீங்க எப்படி வாசிப்பீங்க? கையில எதாவது பண்ணுவீங்களா?"

கேட்டுவிட்டாள். எப்படி வாசிப்பீங்க. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள், இந்த வீட்டில் காலையிலிருந்து என் முகத்தைப் பார்த்த முதல் ஆள். மூன்று வாக்கியம் நாக்கு நுனியில் இருக்கிறது. அதைச் சொன்னால் அவள் உள்ளே போய் வாசிப்பாள், வந்துவிடும், நல்ல கை அது, நாலு தடவையில் பிடித்துக்கொள்வாள், என் சத்தம் அவள் பெயரில் அரை நிமிஷம் பதிவாகிவிடும். சொல்லாமல், கொடும்மா நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று கை நீட்டலாம். கை அக்குளில் இருக்கிறது. விரல் மடங்கியிருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. பத்துக்கு ஆறு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவள்மேல் இல்லை, அவள் கேட்டதன்மேல். இருபது வருஷம் முன்னால் ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்ம்மா" என்றேன். "எல்லாம் கிட்டார்தான்."

அவள் கிட்டாரைக் குனிந்து பார்த்தாள். அதன் வயிற்றில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தாள். "அப்ப மரம் பழசாயிடுச்சு போல" என்று நிரஞ்சனிடம் சொன்னாள், மெதுவாக, எனக்கு வருத்தமாக இருக்கக்கூடாது என்கிற குரலில். "ஆமாம்மா, பழசுதான்" என்று நானே சொன்னேன். நிரஞ்சன் கை இன்னும் கதவில் இருக்கிறது. உள்ளே இருக்கும் நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், காலையிலிருந்தே உறுத்தியிருக்கலாம், யார் கண்டது.

"அங்கிள், அப்ப நீங்க வாசிச்சாலும் இப்படித்தான் வருமா?"

கதவு திறந்தே இருக்கிறது. ஏசிக் காற்று அந்தப் பக்கம் போகிறது. "இப்படித்தான்ப்பா வரும்" என்றேன். "யார் வாசிச்சாலும் இப்படித்தான்."

அவன் கதவை விட்டான், அது தானாகச் சாத்திக்கொண்டது. சிரித்தான். தலையை ஆட்டிக்கொண்டு, தன்னையே கேலி பண்ணிக்கொள்கிற சிரிப்பு. உள்ளே போய் என் பெட்டியை எடுத்து வந்தான். அந்தப் பெண்ணிடமிருந்து கிட்டாரை வாங்கி, அதற்குள் அவனே படுக்கவைத்து, கொக்கி மாட்டினான். "அப்ப எனக்குத்தான் அப்படித் தோணியிருக்கு அங்கிள். இத்தன வருஷமா மனசுல ஓட்டிட்டே இருந்தேன், அப்படி ஒரு சவுண்டு இருந்துச்சுன்னு. சின்ன வயசுல கேட்டது, பெருசா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"ஆமாப்பா" என்றேன். "சின்ன வயசு பாரு."